நிறம் மாறிய மாத்திரை: இணையத்தில் மருந்து வாங்கலாமா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால், அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 46. வேலைக்குப் போகிறார். 73 வயதான அம்மாவை உடன் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கூடவே இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பும் கோளாறு. இன்சுலின் போட்டுக்கொள்கிறார், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். ஒன்றரை ஆண்டாக எல்லா மருந்துகளும் இணையம் வழியாகத்தான் வருகின்றன. எந்தத் தளத்தில் எது சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே வாங்குவதாக மூன்று தளங்களைக் குறிப்பிடுகிறார். அண்ணனுக்கு இது அறவே பிடிக்கவில்லை. "முகம் தெரியாதவன் அனுப்புவதை அம்மா வாயில் போடுகிறாய்" என்று சண்டை போடுகிறார். தோழிகளோ, "இந்தக் காலத்தில் கடை வாசலில் போய் யார் நிற்பார்கள்?" என்கிறார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன் வந்த பெட்டியில், எப்போதும் இளஞ்சிவப்பாக இருக்கும் வார்ஃபரின் மாத்திரை நீல நிறத்தில் இருந்திருக்கிறது. போலி என்று பயந்து ஐந்து நாள் அம்மாவுக்கு அதைக் கொடுக்கவே இல்லை. பிறகு பழைய அட்டை ஒன்று கிடைக்க, அதிலிருந்து கொடுத்து வருகிறார். அதே பெட்டியில் வந்த இன்சுலின் குப்பியைச் சுற்றியிருந்த ஐஸ் பை உருகி வெதுவெதுப்பாக இருந்ததாம். உடனே குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டார்.

கடிதத்தின் கடைசிப் பத்தியில்தான் இன்னொன்றைச் சொல்கிறார். மூன்று மாதமாக அவர் ஒரு தூக்க மாத்திரை சாப்பிடுகிறார். மருந்துச் சீட்டு கேட்காத ஒரு வெளிநாட்டுத் தளத்தில் வாங்கியது. வீட்டில் யாருக்கும் தெரியாது. "ஐந்து நட்சத்திரம், ஆயிரக்கணக்கில் பாராட்டு. பாக்கெட்டும் அசல் போலவே இருக்கிறது. எனக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் சொல்வது சரியா, நான் செய்வது சரியா? இது சட்டப்படி குற்றமா? டாக்டரிடம் கேட்டால் திட்டுவார் என்று உங்களுக்கு எழுதுகிறேன்" என்று முடிக்கிறார்.

அன்புச் சகோதரி,

யார் சொல்வது சரி என்பதைப் பிறகு பேசுவோம். இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மாத்திரையின் நிறத்தை எழுதியிருக்கிறீர்கள், பெட்டியின் அழகை எழுதியிருக்கிறீர்கள், அட்டையில் எத்தனை மாத்திரை என்பதைக்கூட எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மில்லிகிராம் என்று ஓர் இடத்திலும் இல்லை. வார்ஃபரினைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். பல நாடுகளில் இந்த மருந்தை அதன் அளவுக்கு ஒரு நிறம் என்ற கணக்கில்தான் தயாரிக்கிறார்கள். அந்தக் கணக்கும் எல்லா நாட்டிலும் ஒன்று கிடையாது. பிரிட்டனில் இளஞ்சிவப்பு என்றால் 5 மி.கி.; அமெரிக்காவில் இளஞ்சிவப்பு என்றால் 1 மி.கி. பிரிட்டனில் நீலம் 3 மி.கி.; அமெரிக்காவில் நீலம் 4 மி.கி. ஆகவே உங்களுக்கு வந்த நீல மாத்திரை போலியாக இருக்கலாம், வேறு நிறுவனத்தின் அசல் மருந்தாக இருக்கலாம், அசல் மருந்தே தவறான அளவில் வந்திருக்கலாம். இந்த மூன்றில் கடைசியைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். ஏனென்றால் அதில் பெட்டி, முத்திரை, எழுத்து எல்லாமே சரியாக இருக்கும்.

அந்த நீல அட்டையை எடுத்து, அதில் அச்சாகியிருக்கும் மில்லிகிராமையும் மருத்துவர் எழுதிய சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய அட்டையையும் அதே போல் பாருங்கள். காலாவதித் தேதியையும் சேர்த்துத்தான். பிறகு அம்மாவின் மருத்துவரை அழைத்து, ஐந்து நாள் விட்டுப்போனதைச் சொல்லி, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனைக்கு நாள் கேளுங்கள். தள்ளிப் போட வேண்டாம். பெரிய அறுவை சிகிச்சைக்கு முன் வார்ஃபரினை நிறுத்தச் சொல்லும்போது, மருத்துவர்களான நாங்கள் வழக்கமாக ஐந்து நாள்தான் சொல்வோம். மருந்தின் பிடி விட்டுப்போக அவ்வளவு நாள் போதும். அதாவது அந்த ஐந்து நாளின் முடிவில் அம்மாவுக்குப் பக்கவாதத்துக்கு எதிரான பாதுகாப்பு ஏறத்தாழ இல்லாமலே இருந்திருக்கிறது. விட்டதை ஈடுகட்ட இரட்டை மாத்திரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை வலுவிழந்து சரிந்தாலோ, பேச்சு குழறினாலோ, ரத்தக் கசிவு நிற்காமல் இருந்தாலோ, யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்காமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நிறம் மாறியதைக் கவனித்தீர்களே, அது நல்ல பழக்கம். சந்தேகம் வந்ததும் சரி. சந்தேகம் வந்த பிறகு யாரிடமும் கேட்காமல் மருந்தை நிறுத்தியதுதான் தவறு. இதில் நீங்கள் தனி ஆளும் இல்லை. மாரடைப்புக்குப் பின் மருந்து சாப்பிடுகிறவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், மாத்திரையின் நிறம் மாறியபோது மருந்தை விட்டுவிடும் வாய்ப்பு 34 சதவீதமும், வடிவம் மாறியபோது 66 சதவீதமும் கூடியிருந்தது. மருந்து அதேதான், தயாரித்த நிறுவனம்தான் வேறு. ஒரே மூலப்பொருளை ஒரே அளவில் வேறு நிறுவனம் தயாரிப்பதைத்தான் ஜெனரிக் என்கிறோம். அது உடலில் சேரும் அளவும் வேகமும் மூல மருந்துக்கு ஈடாக இருக்கிறதா என்று சோதித்த பிறகே அனுமதி தரப்படுகிறது. பொதுவாக ஜெனரிக்கைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அம்மா சாப்பிடும் வார்ஃபரினும் தைராய்டு மாத்திரையும் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடல் காட்டிக்கொடுக்கும் வகை. இவற்றில் ஒரே தயாரிப்பைத் தொடர்வது நல்லது. மாற்ற நேர்ந்தால் மருத்துவருக்குச் சொல்லிவிட்டு மாற்றுங்கள். வார்ஃபரினுக்கு ஐ.என்.ஆர். சீக்கிரமே பார்க்க வேண்டும்; தைராய்டுக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ஒரு பரிசோதனை.

அண்ணனும் தோழிகளும்

இனி உங்கள் வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். இணையத்தில் மருந்து வாங்குவதைப் பற்றிப் பேசினாலே மக்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு இணையத்தில் வருவது எல்லாம் போலி. இன்னொரு கட்சிக்குக் கடைக்குப் போவது பழைய காலத்துப் பழக்கம். இரண்டு பக்கத்தாரும் என் அறைக்கு வருகிறார்கள். இரண்டு பக்கத்தாரும் மருந்து எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல், எந்த வாசல் வழியாக வந்தது என்றே பார்க்கிறார்கள்.

அண்ணனின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. தங்கள் முகவரியை மறைத்து இயங்கும் சட்டவிரோதத் தளங்களில் வாங்கிய மருந்துகளில் பாதிக்கு மேல் போலி என்று உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்தது. மருந்துச் சீட்டு தேவைப்படும் மருந்துகளை விற்பதாகச் சொல்லும் தளங்களில் ஏறத்தாழ 95 சதவீதம் சட்டத்துக்குப் புறம்பாக இயங்குகின்றன என்பது அமெரிக்க மருந்தக வாரியங்களின் தேசியச் சங்கம் சொல்லிவரும் கணக்கு. இன்டர்போல் 2008 முதல் 'பாஞ்சியா' என்ற பெயரில் பல நாட்டுக் காவல்துறையையும் சுங்கத்துறையையும் சேர்த்துக்கொண்டு இத்தகைய தளங்களை வேட்டையாடி வருகிறது.

ஆனால் அந்த 95 என்ற எண்ணைத் தவறாகப் படிக்கக் கூடாது. அது தளங்களின் எண்ணிக்கை. விற்பனையின் அளவைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. உரிமம் பெற்ற தளம் ஒன்று பல லட்சம் பேருக்கு ஒழுங்காக மருந்து அனுப்பிக்கொண்டிருக்கும். மோசடிக்காரர் ஒருவரே நூறு தளங்களைத் திறந்து வைத்திருப்பார். அண்ணனுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்தில் ஒரு மருந்து தரமற்றது அல்லது போலி என்று 2017-ல் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அது இணையத்தை மட்டும் பற்றிய கணக்கு இல்லை. கடை, மருத்துவமனை எல்லாம் அதில் அடக்கம். முகம் தெரிந்தவர் கையால் வாங்கிவிட்டால் மருந்து நல்லதாகிவிடாது. அந்த முகத்துக்குப் பின்னால் உரிமமும், சீட்டைப் படித்துக் கேள்வி கேட்கும் மருந்தாளுநரும் இருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், கடைக்குப் போகிறவர்களும் "ஓர் அட்டை கொடுங்கள்" என்பதற்கு மேல் அவரிடம் பேசுவதில்லை.

தோழிகள் சொல்வதையும் நான் தள்ளிவிடமாட்டேன். நடமாட முடியாத முதியவர், வேலையை விட்டு நகர முடியாத மகள், பக்கத்தில் மருந்தகமே இல்லாத ஊரில் வாழ்கிறவர் ஆகியோருக்கு வீடு தேடி வரும் மருந்து பெரிய உதவி. மாதாமாதம் ஒரே மருந்து என்றால், தவறாமல் வந்து சேர்வதே சிகிச்சையில் பாதி. அந்த வசதியை விடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை.

நட்சத்திரங்கள் எதைச் சொல்லும்?

உங்கள் நம்பிக்கை இரண்டின் மேல் நிற்கிறது: பாராட்டுகளும் பாக்கெட்டும். ஒரு செருப்பை வாங்கினால் கடிக்கிறதா இல்லையா என்று காலுக்குத் தெரியும். அதற்கு நட்சத்திரம் போடலாம். வார்ஃபரின் வேலை செய்கிறதா என்பது சாப்பிடுகிறவருக்கே தெரியாது. ரத்த அழுத்த மாத்திரையும் அப்படித்தான். பெட்டி நாளைக்கே வந்தது, கசங்காமல் வந்தது, பேசியவர் மரியாதையாகப் பேசினார் என்பவற்றைத்தான் அந்த ஆயிரம் பேரும் எழுதியிருக்க முடியும். மாத்திரைக்குள் மருந்து இருந்ததா என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. பாராட்டையே காசு கொடுத்து எழுதிவாங்கலாம் என்பது வேறு விஷயம்.

பாக்கெட்டோ, போலி செய்கிறவர் முதலில் தேர்ச்சி பெறும் கலை. 2012-ல் அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தான அவாஸ்டினின் போலிக் குப்பிகள் மருத்துவர்களின் சிகிச்சை அறைகள் வரைக்கும் போயிருந்தன. சோதித்துப் பார்த்தால் உள்ளே மருந்தே இல்லை. அதைக் கையில் வாங்கியவர்கள் மருந்திலேயே வாழ்கிறவர்கள். அவர்களுக்கே வெளித்தோற்றம் உதவவில்லை. 2024-ல் உடல் எடையைக் குறைக்கப் பலரும் தேடும் செமாகுளுடைட் ஊசியின் போலித் தொகுதிகள் குறித்து உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டது. எதற்கு ஆசையோ வெட்கமோ அதிகமோ, அதில்தான் போலியும் அதிகம். எடை, முடி, ஆண்மை, தூக்கம் என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற இடமாகப் பார்த்து அந்தச் சந்தை கடை விரிக்கிறது.

ஒரு தளத்தில் நான் பார்ப்பவை

• மருந்துச் சீட்டைக் கேட்கிறதா? சீட்டு தேவைப்படும் மருந்தைச் சீட்டில்லாமல் தரும் தளம் அந்த ஒரு செயலாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நாலு கேள்விக்குப் பெட்டியில் குறியிட வைத்துவிட்டு "எங்கள் மருத்துவர் அனுமதித்துவிட்டார்" என்றாலும், அந்த மருத்துவரின் பெயரும் பதிவும் தெரியாவிட்டால் நம்ப வேண்டாம்.

• முகவரியும் உரிம எண்ணும் உண்டா? அந்த எண்ணைத் தளத்திலேயே பார்த்துத் திருப்தியடையாதீர்கள். உங்கள் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பட்டியலில் தேடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல் சட்டப்படியான இணைய மருந்தகங்கள் பச்சைப் பட்டைகளின் மேல் வெள்ளைச் சிலுவை போட்ட ஒரு சின்னத்தைக் காட்டியாக வேண்டும். சின்னத்தை யாரும் நகலெடுக்கலாம். அதைச் சொடுக்கினால் அரசின் பட்டியலில் அந்த மருந்தகத்தின் பெயர் திறக்க வேண்டும். உண்மையான சோதனை அதுதான்.

• மருந்தாளுநரோடு பேச முடிகிறதா? எண்ணைக் கொடுத்துவிட்டு, எடுப்பவர் "பார்சல் எங்கே இருக்கிறது என்றுதான் சொல்ல முடியும்" என்றால் அது மருந்தகமாகாது, கிடங்கு.

• ரசீதில் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) இருக்கிறதா? அட்டையில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா? ஒரு தொகுதியில் பழுது கண்டு திரும்பப் பெறும்போது, உங்களைத் தேடிக் கண்டுபிடிக்க அந்த எண்தான் வழி.

வெதுவெதுப்பாக வந்த இன்சுலின்

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைக்க வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய பின் பெரும்பாலான வகைகள் சாதாரண அறை வெப்பத்தில் நாலு வாரம் போலத் தாங்கும். ஆகவே சில மணி நேரம் குளிர் விட்டுப்போனதால் மட்டும் அது கெட்டுவிடாது. ஆனால் வெயிலில் நின்ற வண்டிக்குள் எவ்வளவு நேரம், எவ்வளவு சூட்டில் கிடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. சூட்டில் வலுவிழந்த இன்சுலின் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம். பிறகு குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் போன வீரியம் திரும்பாது. ஐஸ் பையை ஒட்டிக் கிடந்து உறைந்துபோயிருந்தால் அதுவும் பயன்படாது. அந்தக் குப்பியைத் தனியே எடுத்து வையுங்கள். வேறு குப்பி கைக்கு வரும் வரை அம்மாவுக்கு இன்சுலின் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்பதால், முதலில் பக்கத்து மருந்தகத்தில் ஒன்று வாங்கிவிடுங்கள். அதன் பின் பெட்டியின் படத்தோடு தளத்துக்கு எழுதி மாற்றுக் குப்பி கேளுங்கள். குளிரில் வர வேண்டிய மருந்து குளிரில் வரவில்லை என்றால் அதை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. இனிமேல் இன்சுலினை மட்டுமாவது நேரில் வாங்குங்கள் என்பது என் ஆலோசனை.

மூன்று தளங்கள், ஓர் அம்மா

போலியைவிடவும் எனக்கு அதிகக் கவலை தருவது இந்த மூன்று தளங்கள்தான். மூன்றும் உரிமம் பெற்றவையாகவே இருக்கட்டும். ஒன்றுக்கு வார்ஃபரினும் இன்சுலினும் தெரியும், ஒன்றுக்குத் தைராய்டு மாத்திரை தெரியும், நாளைக்கே மூட்டுவலி மாத்திரை வாங்கினால் அது இன்னொன்றுக்குத்தான் தெரியும். அம்மாவை முழுதாகத் தெரிந்தது ஒன்றுமில்லை. வார்ஃபரினோடு சில வலிநிவாரணிகள் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். சில ஆன்டிபயாட்டிக்குகள் சேர்ந்தால் ஐ.என்.ஆர். எகிறும். இதைத் தடுக்க வேண்டியவர் மருந்தாளுநர். மூன்றில் ஒரு பங்கை மட்டும் பார்க்கிறவரால் எப்படித் தடுக்க முடியும்?

என்னிடம் வந்த முதியவர் ஒருவர் இரண்டு அடி எடுத்து வைத்தாலே தலை சுற்றுகிறது என்றார். வீட்டில் இருக்கும் மருந்தெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள் என்றேன். மேசையில் கொட்டிப் பார்த்தால், நாடித் துடிப்பைக் குறைக்கும் ஒரே மருந்து மூன்று வேறு பெயர்களில், மூன்று வேறு நிறங்களில். மூன்றையும் தினமும் காலையில் தவறாமல் சாப்பிட்டிருக்கிறார். மூன்றும் அசல். அட்டையின் பின்னால் சிறிய எழுத்தில் இருந்த மூலப்பொருளின் பெயரை மூன்றிலும் விரல் வைத்துக் காட்டியபோது, அவர் கூட வந்த மகன் பேச்சின்றி உட்கார்ந்துவிட்டார். அவரும் உங்களைப் போல அக்கறையோடு மருந்து வாங்கிப்போட்டவர்தான்.

ஒரே இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். இணையமோ கடையோ, ஒன்று. அம்மாவின் எல்லா மருந்தும் அங்கேதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

முறையான சீட்டோடு, உரிமம் உள்ள மருந்தகத்தில் இணையம் வழியாக வாங்குவதைப் பல நாடுகள் அனுமதிக்கின்றன. சில நாடுகள் அனுமதிப்பதில்லை. இது நாட்டுக்கு நாடு மாறும். சீட்டில்லாமல் விற்பது பெரும்பாலான நாடுகளில் விற்றவர் மீதான குற்றம். தூக்க மாத்திரை போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்தை வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்தால், சுங்கத்துறை பறிமுதல் செய்யலாம். சில நாடுகளில் வாங்கியவருக்கும் வழக்கு வரும். சட்டத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. மறைந்திருக்கும் தளத்தில் வாங்கி உங்களுக்கு ஏதாவது ஆனால் கேட்பதற்கு ஆளே இருக்காது. உரிமம் உள்ள மருந்தகம் தவறு செய்தால் நுகர்வோராக முறையிடலாம், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் கொடுக்கலாம். அந்த நீல மாத்திரை சந்தேகத்துக்குரியது என்று தெரிந்தால் தூக்கி எறியாதீர்கள். பெட்டி, அட்டை, ரசீது மூன்றும் இருந்தால்தான் அவர்களால் விசாரிக்க முடியும்.

உங்கள் தூக்க மாத்திரை

கடைசிப் பத்தியில் ஒளித்து எழுதினீர்கள். எனக்கு அம்மாவின் மாத்திரைக்குச் சமமாக இதுவும் கவலை தருகிறது. "இதுவரை ஒன்றும் ஆகவில்லை" என்கிறீர்கள். போலி மாத்திரைகள் ஒரே சீராக இருப்பதில்லை. ஒரே அட்டையில் ஒன்றில் ஒன்றுமே இருக்காது, அடுத்ததில் வேறு ஏதோ இருக்கும். வட அமெரிக்காவில் மன அமைதிக்கான மாத்திரை என்று விற்கப்பட்ட போலிகளில் ஃபென்டனில் என்ற கடும் போதைப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அதில் 2 மில்லிகிராமே உயிரைப் பறிக்கலாம் என்று அமெரிக்க அதிகாரிகள் எச்சரிக்கிறார்கள். உங்கள் அட்டையில் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று உறுதி சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை என்கிறேன்.

ஆனாலும் இன்றிரவே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். மூன்று மாதம் தினமும் சாப்பிட்டது உண்மையான தூக்க மருந்தாக இருந்தால், திடீரென்று நிறுத்துவதால் நடுக்கம், கடும் பதற்றம், சில சமயம் வலிப்புகூட வரலாம். நாளைக்கே ஒரு மருத்துவரைப் பாருங்கள். அந்த அட்டையை மேசையில் வைத்து, எத்தனை நாள், எத்தனை மாத்திரை என்று சொல்லுங்கள். நம்பகமான மருந்துக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைக்க அவருக்குத் தெரியும். அம்மாவின் நோய், வேலை, அண்ணனின் கோபம் எல்லாம் சேர்ந்து உங்கள் தூக்கத்தைத் தின்றிருக்கின்றன என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. அதையும் அவரிடம் சொல்லுங்கள். மாத்திரை இல்லாமல் தூக்கத்தை மீட்கும் பயிற்சிகள் இருக்கின்றன; நீண்ட காலத் தூக்கமின்மைக்கு மருத்துவ வழிகாட்டுதல்கள் முதலில் சொல்வதே அவற்றைத்தான்.

டாக்டர் திட்டுவார் என்கிறீர்கள். சிலர் திட்டுவார்கள், அதை நான் மறைக்கமாட்டேன். எங்கள் தொழிலின் அந்தக் கடுமைதான் பலரை மறைந்திருக்கும் தளங்களின் வாசலில் கொண்டுபோய் விட்டது. திட்டினால் வேறு மருத்துவரிடம் போங்கள். மறைத்துச் சொல்லாமல் மட்டும் விடாதீர்கள்.

அண்ணனையும் கூட அழைத்துக்கொண்டு போனால் நல்லது. சண்டை போடுகிறவருக்கும் ஒரு வேலை கிடைக்கும்: மாதம் ஒரு முறை சீட்டையும் அட்டையையும் பக்கத்தில் வைத்து மில்லிகிராமைச் சரிபார்ப்பது. போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், அந்த நீல அட்டையையும், வெதுவெதுப்பாக வந்த குப்பியையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தூக்க மாத்திரையையும் அதே பையில் போடுங்கள்.